வயிறு வெறுக்கும் ஆறு விநாடி

ஹட்டனில் கொழும்பு பஸ் புறப்பட நிற்கும்போது முதலில் பிடிபடுவது முன்வரிசை ஆசனங்கள். பிந்தி வந்தவர்கள் கையில் ஒரு தேசிக்காயோடு பின்னால் போய் அமர்வார்கள். கினிகத்தேனையைத் தாண்டி கித்துல்கலைக்கு இறங்கும் வளைவுகள் தொடங்கியதும் கொண்டக்டர் யாரும் கேட்காமலே சொப்பிங் பேக்கை நீட்டுவார். நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்கு அதே சோதனை றம்பொடையில் காத்திருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றருக்கு இறங்கும் பாதை அது. மலையைச் சுற்றிச் சுற்றித்தான் இறங்க முடியும்.

இப்படிப்பட்ட ஊர்க்காரரிடம் கப்பலில் ஒரு விடுமுறை என்று சொல்லிப் பாருங்கள். "மூணு மணித்தியால பஸ்ஸே தாங்காது, நாள் முழுக்கக் கடல்லயா?" என்பார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்ற வந்தபோது பத்திரிகைப் படங்களைப் பார்த்த பலரின் பேச்சும் இதுவாகவே இருந்தது. காசுக் கணக்கு தனி. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல்தான் கைக்கு வந்த தோட்டத் தொழிலாளர் சமூகத்தில் உல்லாசக் கப்பல் பயணச்சீட்டு யார் வீட்டுப் பட்ஜெட்டிலும் வராது. ஆனால் அந்த வயிற்றுப் பயம் இருக்கிறதே, அது சரியா என்பது விஞ்ஞானம் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

உல்லாசக் கப்பல்காரர்கள் 'கடல் நாள்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அன்று எந்தத் துறைமுகத்திலும் நிற்பதில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்து அலையைப் பார்ப்பது, சாப்பிடுவது, தூங்குவது, அவ்வளவுதான் வேலை. அந்த நாள் ஓய்வாக அமையுமா, வாளியைக் கட்டிப்பிடித்தபடி கழியுமா என்பதைப் பெரும்பாலும் ஓர் எண் தீர்மானிக்கிறது. காற்றின் வேகமோ அலையின் உயரமோ அல்ல. உங்கள் உடல் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்து சேர எத்தனை விநாடி எடுக்கிறது என்பதே அந்த எண்.

அது ஏனென்று அறிய முதலில் காதுக்குள் போக வேண்டும். கேட்பதற்கான நத்தைச்சுருளுக்குப் பக்கத்திலேயே, மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள், சமநிலைக்கான உறுப்பு இருக்கிறது. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றின் அடியில் உள்ள இரண்டு சிறு பைகள் நேர்கோட்டு அசைவையும் சாய்வையும் உணர்கின்றன. அந்தப் பைகளுக்குள் நுண்ணிய மயிர்கள், மயிர்களின் மேல் ஒரு பசைப்படலம், அதன் மேல் கல்சியம் காபனேற்றுப் படிகங்கள். சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். பஸ் திடீரென்று நகர்ந்தால் படிகங்கள் ஒரு கணம் பின்தங்கும், மயிர்கள் வளையும், நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும்.

இங்கே ஒரு சிக்கல். தலையைப் பின்பக்கம் சாய்த்தாலும் மயிர்கள் அதே பக்கம்தான் வளையும். ஈர்ப்பினால் வந்த இழுவையையும் வேகமாற்றத்தால் வந்த இழுவையையும் பிரித்தறிய முடியாது என்பதை ஐன்ஸ்டைன் பெரிய கொள்கையாகவே வளர்த்தெடுத்தார். நமது காதுக்குள் இருக்கும் படிகங்களுக்கும் அது முடிவதில்லை. ஆகவே மூளை காதை மட்டும் நம்புவதில்லை. கண்ணைக் கேட்கிறது, கழுத்துத் தசையைக் கேட்கிறது, பழைய அனுபவத்தைக் கேட்கிறது, பிறகுதான் 'நான் சாய்கிறேன்' அல்லது 'நான் நகர்கிறேன்' என்று முடிவுக்கு வருகிறது.

சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால் குமட்டல் வருகிறது என்பது பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970களில் விரிவாக எழுதிய விளக்கம். பஸ்ஸில் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கிறவரின் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. காது 'இடது, வலது, இடது' என்கிறது. சரி, முரண்பட்டால் குழம்பட்டும், வயிறு ஏன் புரள வேண்டும்? 1977இல் மைக்கேல் டிரீஸ்மன் ஒரு யோசனை சொன்னார். இயற்கையில் கண்ணும் காதும் முரண்படுவது நஞ்சு உண்டபோதுதான், அதனால் மூளை இதையும் நஞ்சென்று எண்ணி வயிற்றைக் காலி செய்கிறது என்றார். கேட்க அழகான கதை. நிரூபிப்பது கடினம் என்பதால் நான் அதில் பாதி மனதோடுதான் நிற்கிறேன். ஆனால் குற்றவாளி காதுதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அதற்கான சாட்சியம் ஒரு படகிலிருந்து வந்தது.

1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்களும் நாசாவும், விண்வெளியில் மனித உடல் எப்படிச் சமாளிக்கும் என்று அறிய, கல்லாடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத பதினொரு ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குச் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சல் கேட்கும் திறனோடு சேர்த்து சமநிலை உறுப்பையும் அழித்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் இவர்களை ஒரு படகில் ஏற்றிச் சென்றார்கள். பதினொரு பேரும் சாவகாசமாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வு செய்ய வந்தவர்களோ எழுந்து நிற்க முடியாமல் வாந்தி எடுத்து, பரிசோதனையையே நிறுத்திக்கொண்டு கரை திரும்பினார்கள். உள்காதின் அந்தப் பகுதி வேலை செய்யாவிட்டால் கடலால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 1974இல் ஓஹான்லன், மக்கோலி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஓர் அறையை மேலும் கீழும் ஆட்டும் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்களை உட்கார வைத்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டார்கள். ஆட்டத்தின் வேகத்தையும் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஒரு முழு ஆட்டத்துக்கு ஆறு விநாடி எடுக்கும்போதுதான் ஆட்கள் அதிகம் வாந்தி எடுத்தார்கள். வேகமாகக் குலுக்கியபோது வாந்தி அவ்வளவாக வரவில்லை. மிகவும் மெதுவாக ஆட்டினாலும் தொல்லை குறைந்தது. ஆறுக்குப் பக்கத்தில்தான் பள்ளம். ஏன் ஆறு என்பதற்கு இன்று பலர் ஏற்கும் விளக்கம், படிகங்களின் அந்தப் பழைய சிக்கலையே பிடிக்கிறது. மெதுவான அசைவை மூளை 'சாய்வு' என்று எடுத்துக்கொள்கிறது. வேகமான அசைவை 'நகர்வு' என்று எடுத்துக்கொள்கிறது. ஐந்தாறு விநாடிக்கு ஒரு தடவை வரும் அசைவு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வதென்று தெரியாமல் மூளை தடுமாறும் இடம் அது.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு கினிகத்தேனைப் பாதைக்கு வாருங்கள். ஒரு கணக்குப் போடலாம். பஸ் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏழு மீற்றர் வேகத்தில், 25 மீற்றர் ஆரை கொண்ட வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் பக்கவாட்டு இழுவை கிடைக்கும். இங்கே அது ஏறக்குறைய 2, அதாவது பூமியின் ஈர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வளைவு இடதுபக்கம், அடுத்தது வலதுபக்கம். இரண்டையும் கடக்க ஐந்திலிருந்து பத்து விநாடி. வயிறு வெறுக்கும் தாளத்தை மலைப்பாதை மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் அப்படியே போட்டுத் தருகிறது. பின்னால் வரும் பஸ்ஸை முந்தவிடக் கூடாதென்று சாரதி வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் இழுவை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். இதை ஒரு சுவரொட்டியாக அடித்து பஸ் நிலையத்தில் ஒட்டலாம், யார் படிப்பார்கள் என்பது வேறு விடயம்.

அதே மலையில் ஓடும் கோச்சியில் யாரும் இந்தப் பாடு படுவதில்லை. பதுளைப் பாதையின் கடுமையான வளைவுகள்கூட ஏறக்குறைய நூறு மீற்றர் ஆரை கொண்டவை. அதே வேகத்தில் போனாலும் இழுவை பஸ்ஸின் கால்பங்கு. தண்டவாளத்தையே வளைவின் உட்பக்கம் சாய்த்துப் போட்டிருப்பதால் அதிலும் ஒரு பகுதி குறைந்துவிடும். வாசலில் காலைத் தொங்கப்போட்டபடி வருகிறவர்களுக்கு மலையைப் பார்க்கக் கிடைப்பது மேலதிக வசதி.

சாரதிக்கு ஏன் வாந்தி வருவதில்லை என்று எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். வளைவு எப்போது வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், மூளை தயாராக இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று சுவையானது. சாரதி தன்னை அறியாமலே தலையை வளைவின் உட்பக்கம் சாய்க்கிறார், பயணிகளின் தலையோ வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. பயணியும் சாரதியைப் போலத் தலையைச் சாய்த்தால் குமட்டல் குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். காசு செலவில்லாத வைத்தியம். பக்கத்து ஆசனக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

மலையில் கடல் இல்லை, ஆனால் தண்ணீர்மேல் போய்வர இடம் உண்டு. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் உருவான கிரகரி வாவியில் ஏப்ரல் வசந்தகாலத்துக்கு நாடே வந்து படகு ஏறுகிறது. ஹட்டனுக்கு அப்பால் காசல்ரீயும் மவுசாகலையும் 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட பெரும் நீர்த்தேக்கங்கள். மவுசாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும், சனம் பார்க்கப் போகும். இந்த வாவிகளில் எவ்வளவு காற்றடித்தாலும் படகில் போனவர் வாந்தி எடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. காரணம் அதே எண்தான்.

காற்று தண்ணீரின்மேல் எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளர்கிறது. உயரத்தில் மட்டுமல்ல, நீளத்திலும் விநாடிக் கணக்கிலும் வளர்கிறது. கிரகரி வாவியில் காற்று ஓடக் கிடைப்பது சிறிது தூரமே. அங்கே ஒரு முகடு போய் அடுத்த முகடு வர ஒரு விநாடி. காசல்ரீயின் நீண்ட கைகளில் பலமாக அடித்தாலும் இரண்டு விநாடிக்குள்தான். படகு சலசலவென்று தட்டும், இடுப்பு வலிக்கும், வயிறு அமைதியாக இருக்கும். ஆழமான நீரில் அலைநீளத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. விநாடியை அதனாலேயே பெருக்கி, வந்ததை 1.56ஆல் பெருக்கினால் மீற்றரில் விடை வரும். இரண்டு விநாடி அலை ஆறு மீற்றர் நீளம். ஐந்து விநாடி அலை 39 மீற்றர். பன்னிரண்டு விநாடி அலை 225 மீற்றர். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதை எல்லாம் விளங்கிவிடும்.

மிச்சக் கதையில் முதலாவது, நமது முன்னோரின் கடல் நாள். மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடும்பக் கதையில் ஒரே ஒரு கடற்பயணம்தான் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் கங்காணியின் பின்னால் வந்தவர்கள் சிறிய பாய்மரப் படகுகளில் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். 1914 பெப்ரவரியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை வந்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள். மண்டபம் முகாமில் தடுத்து வைத்து உடல் பரிசோதனை செய்தபிறகு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் இவற்றில்தான் ஏறினார்கள். ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரம். இன்றைய உல்லாசக் கப்பல் பயணி அதை ஒரு பயணம் என்றே எண்ணமாட்டார்.

ஆனால் அந்த நீர் சாதாரணமானதல்ல. தனுஷ்கோடி - தலைமன்னார் கோட்டுக்கு வடக்கே இருப்பது ஏறக்குறைய சுற்றிலும் கரை சூழ்ந்த குடா. ஆழம் பத்து மீற்றரைச் சுற்றியே இருக்கும். காற்று ஓடக் கிடைப்பது அறுபது, எழுபது கிலோமீற்றர். பெருங்கடலின் நீண்ட அலை உள்ளே வர வழியில்லை, வாவியின் குட்டி அலையோடு நின்றுவிடவும் முடியாது. வாடைக்காற்று ஓங்கினால் அங்கே எழும் அலை நான்கு, ஐந்து விநாடிக்குரியது. நாற்பது மீற்றர் நீளமான அலையில் பத்துப் பதினைந்து மீற்றர்ப் பாய்மரப் படகு விழுந்தால், அலை போகும் பாதையெல்லாம் படகும் ஏறும், இறங்கும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, கரை காணும்வரை. முன்பின் கடலே பார்த்திராத, வறட்சியில் மெலிந்த உள்நாட்டு விவசாயிகள், தளத்தடியில் நெருக்கிக்கொண்டு, தொடுவானத்தைப் பார்க்கவும் வழியில்லாமல் இருந்தார்கள். இன்று ஓர் ஆய்வுகூடத்தில் மனிதரை வாந்தி எடுக்க வைக்கத் திட்டமிட்டாலும் இதைவிடக் கச்சிதமாகச் செய்ய முடியாது.

அந்த வழி ஒருமுறை திரும்பவும் ஓடியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. பிறகு தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஹட்டனிலும் கண்டியிலும் கோச்சி ஏறி, தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் போய் இறங்கினார்கள். 1984இல் அதுவும் நின்றுபோனது. அந்தக் கப்பலில் எத்தனை பேர் அலையால் வாந்தி எடுத்தார்கள், எத்தனை பேர் அழுது அழுது எடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல எந்தக் காதுப் படிகத்தாலும் முடியாது. மன அழுத்தமும் பயமும் குமட்டலைக் கூட்டுவது மருத்துவம் அறிந்த விடயம்.

இப்போது 'எம்ப்ரஸ்' போன்ற ஒரு கப்பலை அதே அலையில் நிறுத்திப் பாருங்கள். 1990இல் பிரான்சில் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 211 மீற்றர். உல்லாசக் கப்பல்களுக்குள் அது சிறியதுதான். நாற்பது மீற்றர் அலைகள் அதன் அடியில் ஒரே நேரத்தில் ஐந்து வந்து நிற்கும். ஒரு முகடு தூக்கும்போது பக்கத்துப் பள்ளம் இறக்கும், ஒன்றை ஒன்று கழித்துவிடும், கப்பல் அசையாது. முன்னோரை வதைத்த ஐந்து விநாடி அலை இங்கே கப்பலின் அடியிலேயே செத்துப்போகிறது. கப்பலை ஆட்ட வேண்டுமானால் அதன் அளவுக்கு நீளமான அலை வர வேண்டும். இலங்கையின் தென்கரைக்கு அப்பால் அது வருகிறது. தென்துருவப் பக்கத்துப் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வரும் பன்னிரண்டு விநாடி அலைகள். அவை கப்பலைத் தூக்கும், ஆனால் மெதுவாக. அந்த ஆறு விநாடிப் பள்ளத்திலிருந்து அது தள்ளியே இருக்கிறது. கப்பல் பெரிதாகப் பெரிதாக ஆட்டம் குறைகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். குறைகிறது என்பதோடு, மிச்சம் இருக்கும் ஆட்டம் வயிறு பொருட்படுத்தாத தாளத்துக்கு நகர்ந்தும்விடுகிறது.

பக்கத்துக்குப் பக்கம் உருளுவது இன்னொரு தொல்லை. அதற்கு மனிதர் கண்டுபிடித்த மருந்து, கப்பலின் இரு பக்கத்திலும் நீருக்கடியில் நீட்டக்கூடிய துடுப்புகள். கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கியதும் உணரிகள் அறிந்து, இடத்துடுப்பை மேல்நோக்கியும் வலத்துடுப்பை கீழ்நோக்கியும் திருப்புகின்றன. விமான இறக்கை காற்றில் செய்வதை இவை நீரில் செய்கின்றன. 1950இல் தூரகிழக்குப் பாதையில் ஓடத் தொடங்கிய 'சூசான்' என்ற பி அண்ட் ஓ கப்பல்தான் இவற்றைப் பொருத்திய முதல் பெரிய பயணிகள் கப்பல். நல்ல துடுப்புகள் உருளலில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆனால் நீர் ஓடினால்தான் அவை வேலை செய்யும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் துடுப்பு சும்மா கிடக்கும். முன்பின் ஊசலாட்டத்துக்கும் மேல்கீழ் அசைவுக்கும் அவற்றால் பயனில்லை. அதனால் ஊசலின் நடுப்புள்ளியான கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், அறை எடுப்பது நல்லது. மேல்தள முகப்பு அறைக்குத்தான் காசு அதிகம் என்பது ஒரு வேடிக்கை.

சரி, ஆட்டம் அடங்கியது. ஓய்வு எங்கிருந்து வருகிறது? பழைய ஆங்கில வைத்தியர்கள் 'காற்று மாற்றம்' என்பார்கள். கொழும்பு வெக்கையில் காய்ச்சல் கண்ட சிப்பாய்களுக்காக ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலேயே நுவரெலியாவில் ஆரோக்கிய நிலையம் வந்தது. கடல்மட்டத்தில் இருந்தவர் மலைக்கு வந்து தேறினார், மலையில் இருப்பவர் காலிமுகத்திடலுக்குப் போய்த் தேறுகிறார். கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது, மின்னேற்றம் இருக்கிறது என்றெல்லாம் இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். அதில் சத்து அதிகமில்லை. கடலின் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, மிதக்கும் நுண்ணுயிர்களின் பொருளைப் பக்டீரியா சிதைக்கும்போது வரும் ஒரு கந்தக வாயு. நெஞ்சு நிறைய இழுக்கலாம், கெடுதல் இல்லை.

கண்ணுக்கு வரும் ஓய்வு உண்மையானது. கிட்டப் பார்க்கும்போது கண்வில்லையைத் தடிக்கச் செய்யும் தசை உழைக்கிறது, சில மீற்றருக்கு அப்பால் பார்க்கும்போது தளர்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாப் பயணி தேயிலை மலையின் தூரத்துப் பச்சையைப் பார்க்கிறார், அந்தப் பச்சைக்குள் நிற்கும் பெண்ணின் கண்ணோ நாள் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று தேடுகிறது. கூடவே குளவிக்கூடு இருக்கிறதா, அட்டை ஏறுகிறதா, இன்று கிலோ தேறுமா என்ற கவனம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் கப்லான், ரேச்சல் கப்லான் தம்பதியினர் இப்படி வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும் ஒன்று என்றார்கள். தானாகக் கண்ணை ஈர்த்து, எதையும் தீர்மானிக்கச் சொல்லாத காட்சிகளே அதை மீட்டுத் தருகின்றன என்று 1989இல் வந்த நூலில் வாதிட்டார்கள். மேகம், நெருப்பு, ஓடும் நீர். அலை இந்தப் பட்டியலில் முதலிடத்துக்குப் போட்டியிடும். ஒவ்வொன்றும் முன்னையதைப் போலவே இருக்கும், ஒன்றும் அச்சாக அதுவாக இராது.

தொடுவானம் காதுக்கும் உதவுகிறது. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் அந்தக் கோடு சாயாது. ஆகவே கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகின்றன. முப்பது மீற்றர் உயரத் தளத்திலிருந்து பார்த்தால் அது இருபது கிலோமீற்றர் தள்ளி இருக்கும். கடற்கரையில் நின்றால் நான்கு, ஐந்து கிலோமீற்றர்தான். சிவனொளிபாதமலை உச்சியில், 2,243 மீற்றரில், நின்றால் கணக்கு 170 கிலோமீற்றர் வரை போகும். மேற்குக் கடல் நேர்கோட்டில் எண்பது கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. ஆகவே மஸ்கெலியாவிலிருந்து விடியலுக்கு ஏறியவர்கள், வானம் தெளிந்திருந்தால், பஸ் ஏறாமலே கடலைப் பார்த்துவிடலாம். மலையைக் கடலிலிருந்தும் பார்க்கலாம். இலங்கையை நோக்கி வந்த பழைய மாலுமிகளுக்கு முதல் அடையாளம் இந்த மலை. 1344இல் வந்த இபின் பத்தூத்தா, ஒன்பது நாள் பயணத் தூரத்திலேயே அதைப் புகைத்தூண்போலக் கண்டதாக எழுதினார். நாளுக்கு நூறு கிலோமீற்றர் என்று வைத்தாலும் அவ்வளவு தூரத்திலிருந்து தெரிய மலை அறுபது கிலோமீற்றர் உயரம் இருக்க வேண்டும். மனிதர் மிகைப்படுத்தியிருக்கிறார். இருநூறு கிலோமீற்றருக்குள் என்றால் நம்பலாம்.

இவ்வளவும் இருந்தும் சிலருக்கு முதல் நாள் புரட்டத்தான் செய்யும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அநேகமாக வராது, அதற்குமேல் பன்னிரண்டு வயதுவரை அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். குமட்டலுக்கான மாத்திரையின் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1947இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்கு ஒரு புது மருந்து கொடுத்த பெண், டிராம் வண்டியில் வழக்கமாக வரும் குமட்டல் போய்விட்டதாகச் சொன்னார். மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, அதே ஆண்டு ஜேர்மனிக்குப் புறப்பட்ட இராணுவக் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களிடம் பரிசோதித்துப் பார்த்தார்கள். டைமென்ஹைட்ரினேட் என்ற அந்த மருந்து இன்றும் பாமசிகளில் கிடைக்கிறது. தூக்கம் வரும், புறப்பட முன்பே எடுக்க வேண்டும், வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் வயிற்றில் தங்காது. இஞ்சிக்கும் ஓரளவு சான்று உண்டு. 1988இல் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு இஞ்சித்தூள் கொடுத்தபோது வாந்தி குறைந்தது. எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. தேசிக்காயை முகர்வதற்கு அவ்வளவு பலமான ஆதாரம் கிடையாது, ஆனால் டீசல் நாற்றத்தை மறைக்கும், அதுவே பாதி உதவி.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் மூளை கப்பலின் தாளத்தைப் படித்துவிடும். அது அந்தத் தாளத்தை மட்டுமே படிக்கிறது என்பது மலையகத்தவருக்குச் சற்று ஏமாற்றம். ஒரு கிழமை கடலில் கிடந்து பழகியவரும் றம்பொடை வளைவுக்குப் புதிதாகவே வருவார். கரை இறங்கியதும் வேறொன்று நடக்கும். படித்த பாடத்தை மூளை உடனே மறக்காது, ஆடாத தரை ஆடுவதுபோல இருக்கும், கண்ணை மூடிப் படுத்தால் கட்டில் மிதக்கும். அநேகருக்கு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் பயணக் களைப்பென்று விட்டுவிடாமல் காது, மூக்கு, தொண்டை டொக்டரிடம் போக வேண்டும். அப்படி நீடிப்பவர்களில் பலருக்கு பஸ்ஸோ காரோ ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அந்த ஆட்டம் நின்றுவிடுகிறது, வண்டி நின்றதும் திரும்பவும் தொடங்குகிறது. டொக்டர்கள் நோயை இனங்காணப் பிடிக்கும் முக்கியத் துப்பு அது.